அம்மாச்சிக்குக் கோலம் போடத் தெரியாது!

என் அம்மாச்சிக்குக் கோலம் போட வராது. (அம்மாவைப் பெற்றவளை எங்கள் மானாமதுரைப் பக்கம் அம்மாச்சி என்றுதான் கூப்பிடுவோம்.) வாசலைச் சுத்தமாகப் பெருக்குவாள், சாணம் கரைத்துத் தெளிப்பாள், கோலப்பொடி டப்பாவும் கையுமாகக் குனிவாள்... அதோடு சரி! நாலு புள்ளி வைத்து நாலையும் இணைத்தாள் என்றால், தெரு நாய் மிதித்துவிட்டுப் போன மாதிரி இருக்கும்.

"வளர்ந்த எடம் அப்படி அப்பு. எங்க ஊர்ல வாசல்னா மணலு. ஒரு கோடு இழுத்துட்டுத் திரும்புறதுக்குள்ள காத்து வந்து அழிச்சிட்டுப் போயிரும். அழியறதை எதுக்குக் கத்துக்கிட்டு?" என்பாள்.

அவள் சொல்லும் 'எங்க ஊரு' தனுஷ்கோடி. 1962-ல் கல்யாணம். தாத்தா ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேன். தனுஷ்கோடி ஸ்டேஷனில் வேலை பார்த்தபோது, அங்கே போர்ட்டராக இருந்தவரின் மகளைப் பார்த்து, பிடித்துப்போய், கட்டிக்கொண்டு, மாற்றலும் வாங்கிக்கொண்டு சொந்த ஊரான மானாமதுரைக்கே வந்து சேர்ந்துவிட்டார். தாத்தாவின் அம்மா, அதாவது என் கொள்ளுப்பாட்டி, மருமகளின் முதல் கோலத்தைப் பார்த்துவிட்டுத் தெருவைக் கூட்டிச் சொன்னாளாம்:

"எம் மகன் கடலோரம் போயி வலை போட்டுப் புடிச்சிட்டு வந்திருக்கான் பாருங்கடி!"

மாமியார்-மருமகள் யுத்தம் அன்று தொடங்கியது. கொள்ளுப்பாட்டி 1986-ல் கண்ணை மூடும் வரை இருபத்து நாலு வருடம் நடந்தது. நான் பிறந்தது அதற்கு இரண்டு வருடம் கழித்து. ஆகவே யுத்தத்தின் ஒரு தரப்பை மட்டுமே நேரில் அறிவேன். மறுதரப்பு, காதில் தண்டட்டியோடு, ஸ்டூடியோ போட்டோவில் இருந்தபடி எங்களை முறைத்துக்கொண்டிருக்கும்.

மானாமதுரை தெரியுமல்லவா? கடம் செய்கிற ஊர். விக்கு விநாயக்ராம் போன்ற வித்வான்கள் தட்டிய கடத்துக்கெல்லாம் எங்கள் ஊர் மண்தான். பானைக்குப் பஞ்சமில்லை, அதில் ஊற்றத்தான் தண்ணீர் இருக்காது. வைகை ஊருக்கு நடுவே ஓடுகிறது என்று பள்ளிக்கூடப் பாடத்தில் எழுதினால் மார்க் போடுவார்கள். போய்ப் பார்த்தால் மணல் ஓடும்.

அப்படிப்பட்ட ஊரில் வந்து மாட்டிக்கொண்டு, ஐம்பது வருடத்துக்கு மேல் கடலோரத்தில் இருக்கிற மாதிரியே வாழ்ந்தவள் அம்மாச்சி.

ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து வாசலுக்குப் போய் மூக்கைத் தூக்கி மோந்து பார்ப்பாள். "வாடை திரும்பிருச்சு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்து படுப்பாள். எங்களுக்கெல்லாம் காற்று என்றால் காற்று. அதிகம் போனால் ஃபேன் காற்று. அவளுக்கு அது வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று நாலு ஆட்கள். நாலு பேருக்கும் நாலு குணம். கச்சான் முரடன். கொண்டல் மழையைக் கூட்டிவருவான். சொந்தக்காரர்களைப் பற்றிப் பேசுவது போலவே பேசுவாள். ரேடியோவில் வானிலை அறிக்கை 'ஓரிரு இடங்களில்' மழை என்று சொல்லும். அம்மாச்சி, "சாயங்காலம் வரும், வடகத்தை எடுத்து உள்ள வை" என்பாள். ஜெயித்தது பெரும்பாலும் வடகம்தான்.

கதை சொல்ல ஆரம்பித்தால் ஊரே கண் முன்னால் வரும். மெட்ராஸ் எழும்பூரிலிருந்து வரும் போட் மெயில், தனுஷ்கோடியில் கப்பல் துறை வரைக்கும் போகுமாம். ரயிலை விட்டு இறங்கினால் கப்பல், கப்பலை விட்டு இறங்கினால் தலைமன்னார், அங்கேயும் ஒரு ரயில் தயாராக நிற்கும், ஏறினால் கொழும்பு! 1914-ல் பாம்பன் பாலம் திறந்ததிலிருந்து இந்த ஏற்பாடு. கப்பல்களுக்கு இர்வின், கோஷன் என்று துரைமார் பெயர். அம்மாச்சி வீட்டில் கடிகாரம் கிடையாது. "இர்வின் ஊதுனா உலை வைக்கணும்" என்பதுதான் கணக்கு. அவளுடைய அய்யா சிலோன் பயணிகளின் பெட்டிகளைத் தலையில் சுமந்து, கூலியோடு சமயத்தில் சிலோன் காசும் கொண்டுவருவாராம். ஒரு ஐந்து சென்ட் காசு அவள் சுருக்குப்பையில் கடைசி வரை இருந்தது. வெற்றிலைக்குச் சில்லறை தேடும்போதெல்லாம் கையில் வரும். கடைக்காரரிடம் ஒருமுறை தவறிக் கொடுத்தும்விட்டு, ஓடிப்போய்த் திரும்ப வாங்கினாள்.

"ஒரு பக்கம் பெண்கடல், ஒரு பக்கம் ஆண்கடல். நடுவுல நாங்க." வடக்கே இருப்பது பெண்கடல், சாது. தெற்கே இருப்பது ஆண்கடல், அலை புரட்டி அடிக்கும். கரைவலை இழுக்கும்போது ஊர்க் குழந்தைகள் எல்லாம் கயிற்றைப் பிடிக்கும். பிடித்த பிள்ளைக்கெல்லாம் ஆளுக்கு ஒரு கை சூடையோ காரலோ உண்டு. "பாவாடையில ஏந்திக்கிட்டு வருவேன். அம்மா வையும், பாவாடை நாறுதேன்னு."

இப்படிப்பட்டவள் கடல் மீன் சாப்பிட மாட்டாள்!

சமைப்பாள். அதுவும் எப்படி! சந்தையில் மீன்காரர் இவளைப் பார்த்தாலே கூடையை மூடிக்கொள்வார். செவுளைத் தூக்கிப் பார்த்து, விரலால் ஒரு அமுக்கு அமுக்கி, "இது ஐஸ்ல படுத்து மூணு நாளாச்சு, என்கிட்டயேவா?" என்று கேட்டுவிடுவாள். பக்கத்தில் நிற்கிறவர்களும் வாங்காமல் நகர்ந்துவிடுவார்கள். நல்ல சீலாவாகப் பார்த்து வாங்கி, மண்சட்டியில் குழம்பு வைத்தால் தெரு முனைவரை வாசம் போகும். உப்பு பார்க்கக்கூட வாயில் வைக்க மாட்டாள். மோந்து பார்த்தே உப்பு போடுவாள். கண்மாய்க் கெண்டை, கெளுத்தி, விரால் எல்லாம் சாப்பிடுவாள். கடல் மீன் மட்டும் கிடையாது.

எனக்கு ஏழெட்டு வயது. கேட்டேன்.

"ஏன் அம்மாச்சி, உனக்குக் கடல் மீன் புடிக்காதா?"

"அது என்னத்தைத் தின்னு வளந்துச்சோ அப்பு... யாருக்குத் தெரியும்?"

கடலில் குப்பை கிடக்கும், அதைத் தின்றிருக்கும் என்று சொல்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, இன்னொரு துண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கோடையில் எங்கள் ஊர்ப் பெண்கள் வைகை மணலில் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் எடுப்பார்கள். குடத்தோடு போய், கையாலேயே குழி பறித்து, ஊறி வருவதைச் சிரட்டையில் மொண்டு நிரப்ப வேண்டும். ஒரு குடத்துக்கு ஒரு மணி நேரம்கூட ஆகும். அம்மாச்சி ஆற்றுக்குள் இறங்கினால் நாலு இடத்தில் மணலை அள்ளிப் பார்ப்பாள், ஈரத்தை மோந்து பார்ப்பாள், ஐந்தாவது இடத்தில் உட்காருவாள். தண்ணீர் வந்துவிடும். மற்ற பெண்கள் தங்கள் குழியை விட்டுவிட்டு இவள் பின்னால் வருவார்களாம். கொள்ளுப்பாட்டி மருமகளைப் பாராட்டியதாக வரலாற்றில் பதிவாகியிருப்பது இது ஒன்றுதான்: "கோலத்துக்கு ஆகாட்டியும் கொடத்துக்கு ஆகுறா."

இந்த வித்தையைத் தனுஷ்கோடியிலேயே கற்றதாக அம்மாச்சி சொல்லியிருக்கிறாள். இரண்டு கடலுக்கும் நடுவே, கூப்பிடு தூரத்தில் அலை அடிக்க, மணலைத் தோண்டினால் நல்ல தண்ணீர் வருமாம். கொள்ளுப்பாட்டி நம்பவில்லை. "சமுத்திரத்து ஓரத்துல ஏதுடி நல்ல தண்ணி? புளுகுறதுக்கும் ஒரு அளவு வேணாம்?" இந்த வழக்கு தீர்ப்பாகாமலே நின்றுபோனது.

தாத்தாவிடம் ரயில்வே பாஸ் இருந்தது. இருவரும் காசிக்குப் போய்வந்தார்கள். திருப்பதி, சிதம்பரம், பழனி எல்லாம் ஆயிற்று. காசிக்குப் போனவர்கள் ராமேஸ்வரம் போய் முடிக்க வேண்டும் என்பார்கள். வடநாட்டிலிருந்து கூட்டம் கூட்டமாக வந்து, எங்கள் மானாமதுரை ஜங்ஷனில் டீ குடித்துவிட்டுப் போகிறார்கள். மூன்று மணி நேர தூரம்தான். ஓசி டிக்கெட் வேறு. இவர்கள் இருவரும் போகவேயில்லை. சின்ன வயதில் எனக்கு இது பெரிய புதிர்.

புதிர் அவிழ்ந்தது 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. அன்று என்ன நடந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எனக்குப் பதினாறு வயது. டி.வி. முன்னால் வீடே உட்கார்ந்திருந்தது. திரையில் மெரீனா, நாகப்பட்டினம், வேளாங்கண்ணி... அம்மாச்சி கையில் முறத்தோடு வந்து கதவோரம் நின்றாள். 'கடல் உள்வாங்கியது, மக்கள் வேடிக்கை பார்க்கச் சென்றார்கள்' என்று செய்தி வாசிப்பவர் சொன்னார். அவ்வளவுதான்.

"ஓடுங்கடா! உள்வாங்குனா நிக்கக் கூடாதுடா, ஓடுங்கடா!"

டி.வி.யைப் பார்த்துக் கத்துகிறாள். முறம் கீழே விழுந்து அரிசி சிதறிவிட்டது. அம்மா எழுந்து போய்ப் பிடித்துக்கொண்டாள். தாத்தா டி.வி.யை நிறுத்திவிட்டு வாசலுக்குப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம், சிந்திய அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே சொன்னாள்.

"உங்கம்மா வயித்துல இருந்தா அப்பு. ஒன்பதாம் மாசம். தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குப் போகணும்ல? எங்கய்யா வாழைத்தாரும் பலகாரமுமா வந்துட்டாரு கூட்டிப்போக. நான் சீலையெல்லாம் மடிச்சு வச்சாச்சு. அத்தை குறுக்க வந்து நின்னுச்சு. 'மார்கழி பொறந்திருச்சு. மார்கழியில புள்ளத்தாச்சிய வாசப்படி தாண்ட விடமாட்டேன். தை பொறக்கட்டும்'னுச்சு. தை பொறந்தா நான் பெத்தே போட்டுருவேனேன்னு கத்துறேன். காதுல வாங்கலை. எங்கய்யா பாவம், 'ரெண்டு நாளு இருந்து பார்க்குறேன், சம்பந்தியம்மா மனசு எறங்கும்'னாரு. அதுக்கும் விடலை. 'நீங்க இருந்தா இவ அழுதுகிட்டேதான் இருப்பா. கெளம்புங்க, தை பொறந்து வாங்க'ன்னு சொல்லிருச்சு. ஞாயித்துக்கிழமை ரயிலு ஏறிட்டாரு..."

கல்லைப் பொறுக்கி ஓரமாக வைத்தாள்.

"நீ நாசமாப் போவன்னு அத்தைய மூஞ்சிக்கு நேரா சொன்னேன் அப்பு. ரெண்டு நாளு சோறு திங்கலை. செவ்வாக்கிழமை ராத்திரி காத்து ஆரம்பிச்சுச்சு. இங்கதான், இந்த வாசல்ல நின்னு மோந்து பார்க்குறேன். அது வாடையும் இல்லை, கொண்டலும் இல்லை. பேரு இல்லாத காத்து."

1964 டிசம்பர் 22, செவ்வாய்க்கிழமை நள்ளிரவு. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் புறப்பட்ட 653-ம் நம்பர் பாசஞ்சர் ரயில், ஊரை நெருங்கும் நேரத்தில் அலை அடித்து, நூற்றுக்கு மேற்பட்ட பயணிகளோடு கடலுக்குள் போனது. விடிந்தபோது தனுஷ்கோடி இல்லை. ஸ்டேஷன், தபாலாபீஸ், பள்ளிக்கூடம், சர்ச், கோயில், தெருக்கள், எல்லாம். ராமேஸ்வரத்துக்கு வந்திருந்த ஜெமினி கணேசனும் சாவித்திரியும் தப்பித்தது பத்திரிகைகளில் பெரிதாக வந்தது. போர்ட்டர் குடும்பங்கள் பற்றி யார் எழுதப்போகிறார்கள்? பாம்பன் பாலத்தின் பெரும்பாலான கர்டர்கள் கடலில் விழ, நடுவில் இருந்த தூக்குப் பாலம் மட்டும் நின்றது. அந்தப் பாலத்தை 46 நாளில் சரி செய்து கொடுத்தவர் ஸ்ரீதரன் என்ற இளம் இன்ஜினீயர். பிற்பாடு கொங்கன் ரயில்வே, டெல்லி மெட்ரோ என்று பெயர் வாங்கினாரே, அவரேதான். அவர் வேலையை முடிப்பதற்குள் என் அம்மா பிறந்துவிட்டாள். தை முதல் வாரம், மானாமதுரையில், மாமியார் பிரசவம் பார்க்க.

தாத்தா மண்டபம் வரை போயிருக்கிறார். அதற்கு அப்பால் போகப் பாலம் இல்லை. நாலாம் நாள் திரும்பி வந்தவர், மனைவியிடம் ஒன்றும் சொல்லவில்லையாம். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, குளிக்கத் தண்ணீர் கேட்டாராம். அம்மாச்சிக்குப் புரிந்துவிட்டது. அவளுடைய அய்யா, அம்மா, பன்னிரண்டு வயதுத் தம்பி. மூன்று பேரில் ஒருவர் உடல்கூடக் கிடைக்கவில்லை.

கடல் மீன் என்னத்தைத் தின்று வளர்ந்தது என்று அவள் சொன்னது பதினாறு வயதில், அரிசி பொறுக்கும் கையைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"அப்ப, உன் மாமியார்தான் உன்னையும் அம்மாவையும் காப்பாத்தியிருக்காங்க..." என்று இழுத்தேன். பதினாறு வயது மண்டைக்கு அவ்வளவுதான் எட்டும்.

"ஆமா. எங்கய்யா ரெண்டு நாளு இருக்கேன்னாரு. அவரை அனுப்பிச்சதும் அதுதான்."

நான் பி.காம். படித்துவிட்டுச் சில வருடம் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் குப்பை கொட்டியவன். எங்கள் தொழிலில் சஸ்பென்ஸ் அக்கவுண்ட் என்று ஒன்று உண்டு. வரவுப் பக்கமும் பற்றுப் பக்கமும் ஒத்துவராமல் உயிரை எடுக்கும்போது, வித்தியாசத்தைத் தூக்கித் தற்காலிகமாக அதில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். காரணம் கிடைத்ததும் சரி செய்துகொள்ள வேண்டும். ஒரே வாக்கியத்தில் ஒரு கிழவி மருமகளை நிறுத்தினாள், சம்பந்தியை அனுப்பினாள். எந்தப் பக்கம் எழுதுவீர்கள்? அம்மாச்சி எந்தப் பக்கமும் எழுதவில்லை. நன்றி என்றும் சொல்லவில்லை, மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. மாமியாருக்கு இருபத்திரண்டு வருடம் சோறு போட்டாள், சண்டை போட்டாள், கடைசி ஆறு மாதம் மலம், மூத்திரம் அள்ளினாள்.

அவளை உறுத்தியது வேறொன்று.

"ஒரு நாளு சொல்லிக் காட்டலை அப்பு. எவ்வளவு சண்டை போட்டிருக்கோம்... வெளக்கமாத்தைத் தூக்கியிருக்கேன். 'நான் இல்லாட்டி நீயும் உன் மகளும் ஏதுடி'ன்னு ஒரு வார்த்தை... ம்ஹூம். அந்த ஒரு பேச்சை மட்டும் எடுக்கவே இல்லை. எடுத்திருந்தா எங்கய்யாவைப் பத்தி நானும் கேட்டிருப்பேன். கேட்டுத் தீந்திருக்கும். அது எடுக்கலை. நானும் கேக்கலை."

2011-ல் தாத்தா போனார். அம்மாச்சி எங்களோடு வந்துவிட்டாள், ஒரு டிரங்குப் பெட்டி, சுருக்குப்பை, மாமியார் போட்டோ சகிதம். அதற்கு அடுத்த பொங்கலன்று, சம்பந்தமே இல்லாமல் கேட்டாள்.

"ஒரு எட்டு எங்க ஊருக்குக் கூட்டிட்டுப் போறியா அப்பு?"

"போலாம் அம்மாச்சி. மார்ச் முடியட்டும்."

இனி என் லட்சணத்தைக் கேளுங்கள். மார்ச் முடிந்தால் ஏப்ரலில் இயர் எண்டிங் பாக்கி. ஜூலையில் ரிட்டர்ன். செப்டம்பரில் ஆடிட். தீபாவளி. மறுபடி மார்ச். வேலை இல்லாத ஒரு வருடம், "முகுந்தராயர் சத்திரத்துக்கு அப்பால ரோடே கிடையாது. மணல்லயும் தண்ணியிலயும் வேன்ல போட்டுக் குலுக்குவான். உன் முழங்கால் தாங்காது" என்றேன். அது உண்மைதான். ஆனால் நான் சொன்னது முழங்காலுக்காக அல்ல. அங்கே போய் அவள் அழுதால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. நமக்கு யாராவது அழுதால் பர்ஸை எடுத்துக்கொண்டு மாத்திரை வாங்கக் கிளம்பத்தான் தெரியும்.

2017 ஜூலையில் அரிச்சல்முனை வரைக்கும் தார் ரோடு போட்டுத் திறந்தார்கள். சாக்குப் போச்சு! ஆனால் கடவுள் கைவிடவில்லை. அதே ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது. ஆடிட்டர் ஆபீஸில் ராத்திரி பகலாக இருந்தது. "இது முடியட்டும் அம்மாச்சி." ஜி.எஸ்.டி. எங்கே முடிகிறது!

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "தை பொறக்கட்டுங்கற. பொறக்கட்டும்" என்றாள். நான் தை என்று சொல்லவே இல்லை. அவள் எதைச் சொல்கிறாள் என்று புரிந்ததும், ஆபீஸுக்கு லீவு லெட்டர் எழுதினேன்.

2018 மாசி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலைப் பாசஞ்சரில் கிளம்பினோம். பாம்பன் பாலத்தில் ரயில் மாட்டு வண்டி வேகத்தில் ஊர்ந்தது. பெட்டியில் இருந்த அத்தனை பேரும் ஜன்னலுக்கும் வாசலுக்கும் பாய்ந்து போட்டோ எடுத்தார்கள். அம்மாச்சி எழவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, சுருக்குப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சத்தம் மாறியதும், "தாண்டிருச்சா?" என்று மட்டும் கேட்டாள்.

ராமேஸ்வரத்தில் கோயிலுக்குப் போகலாமா என்றேன். "திரும்பி வரும்போது பார்ப்போம்."

ஆட்டோ பிடித்தோம். டிரைவர் தம்பிக்கு இருபத்தைந்து வயது இருக்கும். உற்சாகமான ஆள். இரண்டு பக்கமும் கடல் வந்ததும் கைடு ஆகிவிட்டார். "பாட்டி, அந்தக் காலத்துல இங்க பெரிய ஊரே இருந்துச்சு. அறுபத்து நாலுல புயல் அடிச்சுச்சு பாருங்க, பனை மர ஒசரத்துக்கு அலை! ரயிலு அப்படியே பொம்மை மாதிரி..." ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கையால் காட்டினார். எனக்கு எங்கேயாவது குதித்துவிடலாம் போலிருந்தது. அம்மாச்சி மரியாதையாக எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வந்தாள். கடைசியில், "நீ பார்த்தியா தம்பி?" என்றாள்.

"நான் எங்க பாட்டி... எங்க தாத்தா சொல்லுவாரு."

"அவரு நல்லாருக்காரா?"

"தவறிட்டாரு."

"ம்" என்றாள்.

கூரை போன சர்ச், ஸ்டேஷனின் மிச்சம் மீதி, தண்ணீர்த் தொட்டி. சங்கு மாலையும் கூலிங்கிளாஸும் விற்கும் கடைகள். இடிந்த சுவரில் சாய்ந்து புதுமணத் தம்பதி செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தது. அம்மாச்சி எந்தக் கட்டடத்தையும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, காற்று வருகிற பக்கம் முகத்தைத் திருப்பி, அப்படியே கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு தெற்கே கையை நீட்டினாள்.

"அந்தா, அலை உடையுது பாரு... அதுக்கு அந்தாண்ட எங்க வீடு."

அங்கே வெறும் கடல். நான் மாத்திரை டப்பாவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். அவள் அழவில்லை. ஆண்கடல் பக்கம் போகவும் இல்லை. திரும்பி, வடக்கே இருந்த குடிசைகளைப் பார்த்து விறுவிறுவென்று நடக்க ஆரம்பித்தாள். முழங்கால் வலி எங்கே போயிற்றோ!

ஓர் இடத்தில் நின்று மணலை அள்ளினாள், மோந்தாள், போட்டாள். நாலு எட்டு நகர்ந்து மறுபடி. மூன்றாவது இடத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"தோண்டு."

"நானா?"

"பின்ன நானா?"

பேனா பிடித்த கை சார்! அரை மணி நேரம் தோண்டினேன். மணல் சரியச் சரிய, அம்மாச்சி ஓரத்தைக் கையால் அணை கட்டிக்கொண்டே, "சரிவா பறி, நேரா பறிக்காத" என்று அதட்டினாள். முழங்கை ஆழம் தாண்டியதும், குடிசையிலிருந்து ஒரு அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, சிரித்துக்கொண்டே மண்வெட்டியும் சிரட்டையும் கொண்டுவந்து கொடுத்தார்.

"சரியான எடத்துலதான் ஒக்காந்திருக்கீங்க ஆத்தா. எந்த ஊரு?"

அம்மாச்சி உடனே பதில் சொல்லவில்லை.

"மானாமதுரை" என்றாள்.

இடுப்பளவு இறங்கியபோது மணல் கறுத்து, அடியில் தண்ணீர் கசிந்தது. முதலில் கலங்கல். அதை இறைத்து ஊற்றச் சொன்னாள். அடுத்தது தெளிந்து ஊறியது. சிரட்டையில் மொண்டு கொடுத்தேன். குடித்தாள். இன்னொரு சிரட்டை. பிறகு எனக்குக் கொடுத்தாள். ஐம்பது அறுபது அடி தள்ளிக் கடல் கிடக்கிறது. இது உப்புக் கரிக்கவில்லை! மணல் வாசனையோடு, ஜில்லென்று, நல்ல தண்ணீர். பெய்த மழை மணலில் இறங்கி, கடல் நீருக்கு மேலே மிதந்து நிற்கிறது என்று பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன்.

"மீன் பொரிச்சுத் தரவா ஆத்தா? இப்ப வந்த பாறை" என்றார் அந்த அம்மா.

"வேணாம்த்தா."

கிளம்பும்போது அம்மாச்சி என் பையில் இருந்த ஒரு லிட்டர் பாட்டிலை எடுத்தாள். அதில் பாக்கி இருந்த கடைத் தண்ணீரைக் கீழே கொட்டினாள்.

"இதுல ரொப்பு."

"எதுக்கு அம்மாச்சி?"

"அத்தைக்கு. புளுகுறேன்னு சொல்லுச்சுல்ல... கொண்டுபோயி முன்னாடி வைப்போம். பார்க்கட்டும்."

கோயிலுக்குப் போகவில்லை. ரயிலுக்கு நேரமாகிவிட்டது. அவளும் கேட்கவில்லை. திரும்பும்போது பாலத்தில் கண்ணைத் திறந்துதான் இருந்தாள், மடியில் பாட்டில்.

ராத்திரி வீட்டுக்கு வந்ததும் நேரே போய் மாமியார் போட்டோவுக்குக் கீழே அலமாரியில் பாட்டிலை வைத்தாள். அதையும் போட்டோவையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஏதாவது சொல்லுவாள் என்று வாசல் பக்கம் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். ஒன்றும் சொல்லவில்லை. போய்ப் படுத்துவிட்டாள்.

அதற்கு அடுத்த வருடம், 2019 ஆவணியில், தூக்கத்திலேயே போனாள். அது இருக்கட்டும், அந்தப் பாட்டில் கதையை முடித்துவிடுகிறேன்.

மறுநாள் காலை, வாக்கிங் போய்விட்டு வந்த என் அப்பா, கைக்கு எட்டிய பாட்டிலை எடுத்துக் கடகடவென்று முக்கால்வாசி குடித்துவிட்டார்! நானும் அம்மாவும் சிலையாக நின்றோம். அடுக்களையிலிருந்து வந்த அம்மாச்சி, பாட்டிலைப் பார்த்தாள், மாப்பிள்ளையைப் பார்த்தாள், போட்டோவைப் பார்த்தாள். எனக்கு வயிற்றைக் கலக்கியது.

"நல்லாருந்துச்சா மாப்ளே?"

"ரொம்ப நல்லாருக்கு அத்தை. எந்தத் தண்ணி இது?"

அம்மாச்சி போட்டோவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"எங்க ஊருத் தண்ணி."